நான்காவது நகர்விலேயே பாதை மாறினால்: காரோ-கான் ஓபனிங்கைக் கணினியோடு பழகிய ஒரு மாணவி, நிகழ்வு ஆய்வு

மூன்று தோல்விகள்

கோடை விடுமுறையில் நடந்த ஒரு சதுரங்க ரேட்டிங் போட்டிக்கு என் மாணவி ஒருத்தியை அனுப்பியிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், ஃபிடே (உலக சதுரங்கக் கூட்டமைப்பு) தரும் ரேட்டிங் 1480-ஐ ஒட்டி. மூன்று வருடமாக என்னிடம் கற்கிறாள். அவள் பெற்றோரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்; பெயர் வேண்டாம் என்றார்கள், அதனால் மாணவி என்றே சொல்கிறேன்.

அந்தப் போட்டியில் கறுப்புக் காய்களோடு ஆடிய ஆட்டங்களில் மூன்று முறை எதிராளி இ4 ஆடினார்கள். மூன்றிலும் அவள் ஆடியது காரோ-கான், இ4-க்குக் கறுப்பு ஆடும் ஓர் ஓபனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்வு வரிசை. மூன்றிலும் எதிராளி எடுத்தது அட்வான்ஸ் வேரியேஷன், வெள்ளை தன் சிப்பாயை இ5-க்கு முன்னேற்றும் வழி. மூன்றிலும் தோல்வி. அதுவும் இருபது நகர்வுக்குள்ளேயே ஆட்டம் கையைவிட்டுப் போயிருந்தது.

இந்த ஓபனிங்கை ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாக (எழுத்தும் எண்ணும் பலகையின் கட்டத்தைக் குறிக்கும், காயின் பெயர் இல்லையென்றால் சிப்பாய், பிஷப் என்பது குறுக்காக நகரும் காய்): 1. இ4 சி6, 2. டி4 டி5, 3. இ5 பிஷப் எஃப்5. ஃபிரெஞ்சு டிஃபென்ஸ் என்ற இன்னோர் ஓபனிங்கில் கறுப்பின் சி8 பிஷப் இ6 சிப்பாய்க்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கும். காரோ-கானில் அந்த பிஷப்பை முதலில் வெளியே எடுத்துவிட்டு, அப்புறம்தான் இ6 என்று கதவைச் சாத்துகிறோம். ஆனால் வெளியே வந்த பிஷப் எதிராளியின் கண்ணில் படும். அட்வான்ஸ் வேரியேஷனில் வெள்ளையின் பாதி வழிகள் அந்த ஒரு பிஷப்பை விரட்டுவதைச் சுற்றியே இருக்கின்றன.

முதல் தோல்வி அப்படித்தான் வந்தது. எதிராளி நான்காவது நகர்வில் எச்4 ஆடினான். அவள் வழக்கம்போல் இ6. உடனே ஜி4, பிஷப் இ4-க்குப் போனது, எஃப்3, பிஷப் ஜி6-க்குத் திரும்பியது, எச்5. பிஷப்புக்குப் போக இடமில்லை. ஏழாவது நகர்வில் ஒரு காய் போய்விட்டது. எச்4-க்கு தால் வேரியேஷன் என்று பெயர். 1961-இல் போட்வின்னிக்கோடு நடந்த உலக சாம்பியன் மறுபோட்டியில் மிகெய்ல் தால் இதை ஆடினார். சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் இயங்கிய சதுரங்க மன்றத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். சிறுவயதில் ஆனந்த் ஆடிப் பழகியது அங்கேதான். தால் பெயரை நன்றாகத் தெரிந்த ஊர் பிள்ளைகள், தாலின் நகர்வுக்கு ஏழே நகர்வில் காய் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

இரண்டாவது ஆட்டத்தில் எதிராளி அமைதியான வழியை எடுத்தாள்: நான்காவது நகர்வில் குதிரை எஃப்3, ஐந்தாவதில் பிஷப் இ2. இங்கிலாந்து கிராண்ட்மாஸ்டர் நைஜல் ஷார்ட் பிரபலமாக்கிய அமைப்பு. என் மாணவி காய்களை எல்லாம் ஒழுங்காக வெளியே கொண்டுவந்தாள். ஆனால் சி5 தள்ளவே இல்லை. மெல்ல மெல்ல இடம் சுருங்கி, மூச்சுத் திணறித் தோற்றாள்.

மூன்றாவது ஆட்டத்தில் நான்காவது நகர்வு பிஷப் டி3. இரண்டு பிஷப்பும் வெட்டிக்கொண்டன. வெள்ளை ராணி டி3-இல் வந்து உட்கார்ந்தது. அவள் சீக்கிரமே கேஸ்லிங் (ராஜாவை ஓரத்துக்கு நகர்த்தி, யானையை அதன் மறுபக்கம் வைக்கும் நகர்வு) செய்துகொண்டாள். டி3 ராணி எச்7-ஐ நேராகப் பார்க்கிறது, குதிரை ஜி5-க்கு வருகிறது, இ5 சிப்பாய் இருப்பதால் கறுப்புக் குதிரை எஃப்6-இல் நின்று காக்க முடியாது. மீதியைச் சொல்லத் தேவையில்லை.

ஊர் திரும்பியதும் ஸ்கோர்ஷீட்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவள் ஒன்று சொன்னாள்: “சார், நான் எல்லா லைனும் படிச்சுட்டுத்தான் போனேன். அவங்கதான் லைன்ல வரலை.”

முழு விஷயமும் இந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அவளுக்குப் பன்னிரண்டு, பதினான்கு நகர்வு வரை மனப்பாடம். ஆனால் அந்த வரிசை கிராண்ட்மாஸ்டர்கள் ஆடும் வரிசை. 1400, 1500 ரேட்டிங்கில் இருக்கும் பிள்ளைகள் நான்காவது, ஐந்தாவது நகர்விலேயே தங்களுக்குத் தோன்றியதை ஆடுகிறார்கள். அவள் தயாரித்தது ஒரு பாதை. ஆட வேண்டியிருந்தது அந்தப் பாதை முடிந்த பிறகு வரும் காட்டில்.

முதல் முயற்சி, அதில் நான் செய்த தவறு

“கம்ப்யூட்டரோட தினமும் ரெண்டு ஆட்டம் ஆடு, காரோ-கான் மட்டும்.” நான் சொன்னது இவ்வளவுதான். செல்போனில், ஆரம்ப நிலையிலிருந்து, நடுத்தர நிலை வைத்து. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் நாற்பது ஆட்டத்துக்குமேல் சேர்ந்திருந்தது. பாதிக்குமேல் அவள் வென்றிருந்தாள். எனக்கும் சந்தோஷம்தான். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கையில்தான் இரண்டு கோளாறு தெரிந்தது.

முதலாவது எளிது. அட்வான்ஸ் வேரியேஷன் வந்தது ஆறோ ஏழோ ஆட்டத்தில் மட்டும். மற்றதில் கணினி டி5-ஐ வெட்டியது, அல்லது இரண்டு குதிரைகளையும் வெளியே எடுத்தது, சில நேரம் வேறு ஏதோ செய்தது. பழக வேண்டியதைத் தவிர மற்றதையெல்லாம் பழகியிருக்கிறாள்.

இரண்டாவதுதான் ஆபத்தானது. கணினியின் பலத்தைக் குறைத்தால் அது எப்படிக் குறைகிறது என்று நாம் யோசிப்பதில்லை. ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினில் (சதுரங்கம் ஆடும் மென்பொருளை எஞ்சின் என்போம்) ஸ்கில் லெவல் என்று 0 முதல் 20 வரை ஓர் அளவு உண்டு. அதைக் குறைத்தால் எஞ்சின் ஒரே ஒரு சிறந்த நகர்வை மட்டும் தேடாமல் குறைந்தது நான்கு நகர்வுகளைக் கணக்கிட்டு வைத்துக்கொண்டு, அவ்வப்போது அவற்றில் மட்டமான ஒன்றை வேண்டுமென்றே எடுக்கிறது. அதனால் ஒன்பது நகர்வு நல்ல ஆட்டக்காரனைப்போல ஆடும். பத்தாவதில் காரணமே இல்லாமல் குதிரையைத் தூக்கிக் கொடுத்துவிடும். 1500 ரேட்டிங் பையன் அப்படித் தவறு செய்வதில்லை. அவன் திட்டத்தில் தவறுகிறான், அவசரத்தில் தவறுகிறான், பயத்தில் தவறுகிறான். அந்தத் தவறுகளுக்கு ஓர் உருவம் உண்டு. கணினி செய்தது வெறும் தானம்.

என் மாணவி அந்தத் தானத்துக்குப் பழகிவிட்டாள். ஆட்டங்களைப் பார்க்கும்போது அது பளிச்சென்று தெரிந்தது: எட்டாவது நகர்வுக்குப் பிறகு அவள் எதையும் தொடங்குவதில்லை. யானையை அங்கே இங்கே நகர்த்துகிறாள், காத்திருக்கிறாள், கணினி கொடுத்ததும் எடுத்துக்கொள்கிறாள். வெற்றி எண்ணிக்கை ஏறியது. சி5 மட்டும் அப்படியே தள்ளப்படாமல் நின்றது.

சரி, பலத்தை முழுதாக ஏற்றினால்? ஒரு வாரம் அதையும் பார்த்தோம். பதினெட்டாவது நகர்வுக்குள் ஒவ்வொரு முறையும் நசுங்கினாள், எதற்காக நசுங்கினாள் என்று அவளுக்குப் புரியவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளையை அதற்குமேல் அந்த மேசையில் உட்காரவைக்க எனக்கு விருப்பமில்லை.

இந்தக் கட்டத்தில் அவள் அப்பா என்னிடம் நியாயமான ஒரு கேள்வி கேட்டார். “குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆகுற வரைக்கும் கம்ப்யூட்டரே தொடலைன்னு சொல்றாங்களே சார், நாம மட்டும் எதுக்கு?” உண்மைதான். பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா குகேஷை எஞ்சின் பக்கமே விடாமல் வளர்த்தார். 2019 ஜனவரியில் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனவர், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். நான் அவருக்குச் சொன்ன பதில் இது: குகேஷிடமிருந்து விலக்கி வைத்தது எஞ்சினின் தீர்ப்பை. நகர்வு நல்லதா கெட்டதா என்று தானே கணக்குப் போடும் பழக்கம் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக. அது எங்களுக்கும் பொருந்தும். எங்களுக்குத் தேவை எதிரே உட்கார்ந்து சலிக்காமல் அதே நிலையை இருபது முறை ஆடித்தரும் ஓர் ஆள். எங்கள் ஊரில் காரோ-கானுக்கு எதிராக எச்4 ஆடத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? தீர்ப்பை மறைத்துவிட்டு ஆளை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா என்று பார்ப்போம் என்றேன். ஒப்புக்கொண்டார்.

நூல் வேறு, எஞ்சின் வேறு

முறையை மாற்றுவதற்கு முன் ஒரு விஷயத்தை அவளுக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது: கணினிக்கு ஓபனிங் ‘தெரியும்’ என்பது பெரும்பாலும் தவறான எண்ணம். ஸ்டாக்ஃபிஷுக்குள் ஓபனிங் நூல், அதாவது முன்பே எழுதிவைத்த தொடக்க நகர்வுகளின் தொகுப்பு, எதுவும் கிடையாது. மென்பொருளில் நாம் தனியாக ஒரு நூலைச் சேர்த்தால்தான் அது நூல்படி ஆடும். இல்லையென்றால் முதல் நகர்விலிருந்தே கணக்குப் போடும்.

இதற்கு காரோ-கானிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 1997 மே 11, நியூயார்க். உலக சாம்பியன் காஸ்பரோவுக்கும் ஐபிஎம்மின் டீப் புளூ கணினிக்கும் ஆறாவது, கடைசி ஆட்டம். காஸ்பரோவ் தன் வழக்கத்துக்கு மாறாக காரோ-கான் ஆடினார். ஏழாவது நகர்வில் எச்6 என்று சிப்பாயைத் தள்ளினார். டீப் புளூ தயங்காமல் குதிரையைக் கொடுத்து இ6 சிப்பாயை வெட்டியது. 19 நகர்வில் காஸ்பரோவ் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அந்தக் குதிரைத் தியாகம் எஞ்சின் அந்த நேரத்தில் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தது இல்லை. மனிதர்கள் அதன் ஓபனிங் நூலில் எழுதிவைத்திருந்தார்கள். இதைச் சொன்னதும் அவள் கேட்டாள், “அப்போ நாமளும் அதுக்கு எழுதிக் கொடுக்கலாமா சார்?”

கொடுக்கலாம். எங்கள் இரண்டாவது முறையே அதுதான்: கணினி எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை நாங்கள் தீர்மானிப்பது.

நான்கு நிலைகள்

இணையத்தில் சதுரங்கம் ஆடும் லிசெஸ் தளத்தில் ஓபனிங் எக்ஸ்ப்ளோரர் என்று ஒன்று உண்டு. எந்த நிலையிலும் மற்றவர்கள் அடுத்து என்ன ஆடினார்கள் என்று காட்டும். மாஸ்டர்கள் ஆட்டங்களை மட்டும் பார்க்கலாம். தளத்தில் ஆடும் சாதாரண ஆட்டக்காரர்களை ரேட்டிங் வாரியாகப் பிரித்தும் பார்க்கலாம். பெரும்பாலோர் மாஸ்டர் பக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள். நாங்கள் அதை மூடிவிட்டு 1400, 1600 அடுக்குகளை மட்டும் திறந்தோம். அவளுக்கு எதிரே உட்காரப்போகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

பிஷப் எஃப்5-க்குப் பிறகு நான்கு நிலைகளை எடுத்துக்கொண்டோம். எச்4 ஆடியவுடன் வரும் நிலை. குதிரை எஃப்3, இ6, பிஷப் இ2 நிலை. பிஷப் டி3 வந்து பிஷப்புகள் வெட்டுப்பட்ட நிலை. நான்காவது, குதிரை சி3, இ6, ஜி4, பிஷப் ஜி6, குதிரை ஜி1-இலிருந்து இ2 என்று வரும் முரட்டு நிலை. ஆரம்ப நகர்வுகளை ஆடவே தேவையில்லை. போர்டு எடிட்டரில் நிலையை வைத்து, ‘இங்கிருந்து கணினியோடு ஆடு’ என்று கொடுத்தால் போதும்.

விதிகள் சில வைத்தோம். ஓர் ஆட்டத்துக்கு 15 நிமிடம், நகர்வுக்கு 10 நொடி கூடுதல். செல்போன் பக்கத்தில் மரப் பலகை. ஒவ்வொரு நகர்வையும் பலகையில் வைத்த பிறகுதான் திரையில் தொட வேண்டும். இருபதாவது நகர்வில் ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும், வென்றுகொண்டிருந்தாலும் சரி. நிறுத்தியதும் நோட்டில் இரண்டு வரி: வெள்ளைக்கு இப்போது என்ன ஆசை, எனக்கு என்ன ஆசை. அதை எழுதிய பிறகுதான் முழு பல எஞ்சினைத் திறந்து பார்க்கலாம். அவள் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு இந்த விதியில்தான் இருக்கிறது.

எச்4 நிலையில் பதில் எச்5 என்று அவளுக்கு உடனே பிடிபட்டது. ஜி4-ஐத் தடுத்து பிஷப்புக்கு மூச்சு விடும் நகர்வு. ஆனால் அதற்கு அடுத்து கணினி பிஷப்பை ஜி5-இல் வைத்தபோது, கை தானாகப் போய் இ6 ஆடிவிட்டது. இ7 சிப்பாய் விலகியதும் ஜி5 பிஷப்புக்கு டி8 வரை வழி திறந்துவிடுகிறது, ராணி போய்விட்டது. மரப் பலகையில் வைத்த பிறகும்கூடக் கண்ணில் படவில்லை. காரோ-கானில் இ6 எப்போதும் வரும் என்ற பழக்கம் அவ்வளவு ஊறியிருந்தது. அங்கே முதலில் ராணியை பி6-க்கு எடுக்க வேண்டும். பி2 சிப்பாயையும் அது பார்க்கும். இந்த ஒரு தவறைப் போட்டியில் செய்யாமல் வீட்டில் செய்ததே எங்களுக்கு லாபம்.

கேஸ்லிங் செய்யாத கணினி

பிஷப் டி3 நிலையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். அவள் மட்டத்தில் மிக அதிகமாக வருவது இதுதான். ஓபனிங் நூல்கள் பாதிப் பக்கத்தில் கடந்துபோவதும் இதைத்தான். கறுப்புக்கு நல்ல நிலை. வெள்ளையின் நல்ல பிஷப் போய்விட்டது. மிச்சமிருக்கும் சி1 பிஷப்பின் வழியை டி4, இ5 என்று சொந்தச் சிப்பாய்களே அடைக்கின்றன. அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த திட்டம்: இ6, அடுத்து ராணி ஏ5 என்று செக், வெள்ளை அதை மறித்ததும் ராணி ஏ6. டி3 ராணியை மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறோம். மாற்ற மறுத்து அது விலகினால், ஏ6 ராணி எஃப்1 வரை பார்ப்பதால் வெள்ளை ராஜா அந்தப் பக்கம் கேஸ்லிங் செய்ய முடியாது.

பத்து ஆட்டம் ஆடினாள். பத்திலும் வெள்ளை ராஜா நடுவிலேயே நின்றது, பத்திலும் கறுப்புக்கு வசதியான ஆட்டம். ராணி ஏ6 என்பது ஏதோ மந்திரம்போல இருந்தது. நானும் நோட்டில் பச்சை மையில் டிக் போட்டேன்.

பதினொன்றாவது ஆட்டத்தில் அவளே நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: “சார், இது ராணியை விலக்கி, குதிரையை இ2-ல வச்சு அடைச்சுட்டு கேஸ்லிங் பண்ணலாமே. ஏன் பண்ண மாட்டேங்குது?”

பார்த்தேன். பண்ணலாம்தான். அது பண்ணாததற்குக் காரணம் நான். எடிட்டரில் காய்களை ஒவ்வொன்றாகக் கையால் வைத்தபோது, கேஸ்லிங் உரிமைக்கான பெட்டிகளைத் தேர்ந்தெடுக்காமல் விட்டிருந்தேன். கணினியைப் பொறுத்தவரை இந்த ஆட்டத்தில் வெள்ளைக்கும் கேஸ்லிங் இல்லை, கறுப்புக்கும் இல்லை. அவளும் தன் ராஜாவை அதுவரை நடுவிலேயே வைத்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. நிலையை எழுதிவைக்கும் ஃபென் வரியில், யார் நகர்த்த வேண்டும் என்ற எழுத்துக்கு அடுத்தாற்போல் நான்கு எழுத்துகள் வரும். இரண்டு பக்க ராஜாவுக்கும் எந்தெந்தப் பக்கம் கேஸ்லிங் மிச்சம் இருக்கிறது என்று அவைதான் சொல்கின்றன. எங்கள் வரியில் அங்கே வெறும் கோடு இருந்தது. பத்து ஆட்டத்தின் பாடமும் பொய்.

கணினியோடு ஓபனிங் பழகுகிற எல்லோரிடமும் நான் இப்போது முதலில் சொல்வது இதைத்தான்: நிலையைக் கையால் அடுக்காதீர்கள். ஆரம்பத்திலிருந்து நகர்வுகளை ஆடி அந்த இடத்துக்கு வந்து, அங்கிருந்து தொடங்குங்கள். அடுக்கித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த நான்கு எழுத்துகளைப் பாருங்கள்.

சரிசெய்து மீண்டும் ஆடியபோது ஆட்டமே வேறாக இருந்தது. ஆறாவது நகர்விலேயே கணினி குதிரையை எஃப்3-க்குப் பதில் இ2-க்குக் கொண்டுவந்தது. அந்தக் குதிரை மூலைவிட்டத்தை மறைக்கிறது. ராணி ஏ6-க்கு வந்தாலும் வெள்ளை நிம்மதியாகக் கேஸ்லிங் செய்துகொள்கிறது. மந்திரம் பலிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு ஒரு பழைய ஆட்டம் நினைவுக்கு வந்தது: நியூயார்க் 1927, நிம்சோவிட்ச் வெள்ளை, கப்பபிளாங்கா கறுப்பு. அதே பிஷப் டி3. அதிலும் வெள்ளைக் குதிரை இ2-இல்தான். கப்பபிளாங்கா ராணியை பி6-இல் வைத்து, ஏழாவது நகர்விலேயே சி5 தள்ளிவிட்டார். பிறகு வெள்ளைக் கட்டங்கள் வழியாக உள்ளே புகுந்தார். கடைசியில் வெள்ளைக்கு நகர்த்த ஒரு நல்ல நகர்வு மிச்சமில்லை. அந்த ஆட்டத்தை அவளோடு பலகையில் இரண்டு முறை ஆடிப் பார்த்தேன். அதற்குப் பிறகு எங்கள் நோட்டில் இருந்த வரி இது: குதிரை எஃப்3-இல் என்றால் ராணி ஏ6, குதிரை இ2-இல் என்றால் ராணி பி6, சி5.

இது அறுதியான விதி இல்லை. அவள் மட்டத்துக்கு ஒரு பிடிமானம். ஆனால் இதை அவள் யாரிடமும் கேட்டு மனப்பாடம் செய்யவில்லை. தன் பத்து ஆட்டம் ஏன் செல்லாது என்று கண்டுபிடித்த வழியிலேயே வந்து சேர்ந்தாள். அதனால் மறக்கவும் இல்லை.

மனிதத் தவறு செய்யும் எஞ்சின்

பலக் குறைப்பின் பிரச்சினை இன்னும் மிச்சம் இருந்தது. அதற்கு மாயா என்ற எஞ்சின் உதவியது. 2020-இல் டொராண்டோ, கார்னெல் பல்கலைக்கழகங்களும் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவும் சேர்ந்து வெளியிட்டது. வெல்வதற்குப் பயிற்றுவிக்கப்பட்டதல்ல மாயா. லிசெஸில் மனிதர்கள் ஆடிய ஆட்டங்களைப் பார்த்து, இந்த இடத்தில் மனிதன் என்ன ஆடுவான் என்று ஊகிக்கப் பயிற்றுவிக்கப்பட்டது. 1100 முதல் 1900 வரை ரேட்டிங் வாரியாக ஒன்பது மாதிரிகள். வீட்டுக் கணினியில் லீலா என்ற இன்னோர் எஞ்சினோடு அந்த மாதிரியின் கோப்பைச் சேர்த்து, ஒரு நகர்வுக்கு ஒரே ஒரு நோட் (எஞ்சின் தேடும்போது பார்க்கும் ஒரு நிலை) மட்டும் பார்க்கும்படி வைக்க வேண்டும். அதற்குமேல் தேட விட்டால் அது பலமாகிவிடும். மனித வாசனை போய்விடும்.

1500 மாதிரியோடு ஷார்ட் அமைப்பை ஆடியதும் அவள் சிரித்தாள். “இது அப்படியே எங்க அகாடமி பசங்க மாதிரி ஆடுது சார்.” குதிரையை எச்4-க்குக் கொண்டுவந்து பிஷப்பைத் துரத்துகிறது, வெட்டியே தீர வேண்டும் என்று வெட்டுகிறது, தேவையில்லாத இடத்தில் ஏ3 ஆடுகிறது. இதற்கு எதிராகத்தான் சி5-இன் நேரம் அவளுக்குப் புரிந்தது. காரோ-கானில் அந்தச் சிப்பாய் ஏற்கெனவே சி6-க்கு ஒரு நகர்வைச் செலவழித்துவிட்டது. மறுபடியும் சி5 தள்ளுவது ஒரு நகர்வை வீணாக்குவதுபோல் அவளுக்குத் தோன்றிக்கொண்டிருந்திருக்கிறது. மூன்று வருடத்தில் இதை என்னிடம் அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. தள்ளாமல் விட்டால் வெள்ளை சி4 தள்ளி முழு மையத்தையும் எடுத்துக்கொள்கிறது என்பதை ஐந்தாறு முறை பட்டுப் பார்த்தாள்.

மாயாவில் ஒரு குறை. அப்படி ஒரு நோட்டில் ஓடவிட்டால் ஒரே நிலையில் எப்போதும் ஒரே நகர்வுதான். மூன்று ஆட்டத்தில் அவளுக்கு அதன் பதில்கள் மனப்பாடமாகிவிட்டன. மறுபடியும் பழைய நோய். அதனால் தொடங்கும் நிலையை ஒரு நகர்வு முன்னே பின்னே மாற்றினோம். ஒரு நாள் 1100, மறுநாள் 1900 என்று மாதிரியையும் மாற்றினோம். அவளையே வெள்ளைப் பக்கமும் உட்காரவைத்தேன். ஏ6-இல் கறுப்பு ராணி நிற்கும்போது வெள்ளையாக இருந்து பார்த்தால்தான் அது எவ்வளவு எரிச்சல் என்று தெரியும்.

நான்காவது, அந்த முரட்டு நிலையைப் பத்து ஆட்டத்தோடு நிறுத்திவிட்டோம். ஆறாவது நகர்வில் தயங்காமல் சி5, பக்கவாட்டில் பாய்கிறவனுக்கு மையத்தில் பதில்: இது மட்டும் அவளுக்குப் போதும். அதன் ஆழம் அவள் வயதுக்கு இப்போது வேண்டாம் என்பது என் முடிவு.

எதிர்பாராத ஒன்று வேறு பக்கம் தலைகாட்டியது. ராணிகள் மாறிய பிறகு அவள் ஆட்டத்தில் சுருதி இறங்கிவிடுகிறது. ராணி ஏ6, வெள்ளை வெட்டுகிறது, குதிரை ஏ6-இல் வெட்டுகிறது. அவ்வளவுதான், அவள் முகம் வாடிவிடும். ராணி இல்லாத ஆட்டம் அவளுக்குப் பிடிக்காது. ஓபனிங்கின் முழுத் திட்டமே ராணி மாற்றத்தில் முடிகிறது, அங்கிருந்துதான் அவளுக்கு ஆடத் தெரியவில்லை. எனவே அந்த நிலையையே ஐந்தாவது தொடக்கமாகச் சேர்த்தோம்: சி5, ராஜா பக்கக் குதிரை இ7 வழியாக எஃப்5, தேவைப்பட்டால் எச்5 தள்ளி அந்தக் குதிரைக்குக் காவல், அடைபட்ட வெள்ளை பிஷப்பை அப்படியே அடைத்து வைத்தல். ஸ்டாக்ஃபிஷைக் கேட்டால் கிட்டத்தட்ட சமம் என்று ஓர் எண் காட்டும். அந்த எண்ணை அவளுக்குக் காட்டவே இல்லை. வெள்ளையாக இருந்து இரண்டு முறை ஆடச் சொன்னேன். எந்தப் பக்கம் எளிது என்று அவளே சொன்னாள்.

போட்டியில்

இரண்டரை மாதம் கழித்து அடுத்த ரேட்டிங் போட்டி. கறுப்பில் அட்வான்ஸ் வேரியேஷன் மறுபடியும் மூன்று முறை வந்தது.

எச்4 வந்த ஆட்டத்தில் எச்5 ஆடி, ஒழுங்காக வெளியே வந்து டிரா செய்தாள். ஷார்ட் அமைப்பு வந்த ஆட்டத்தில் சி5 சரியான நேரத்தில் விழுந்தது, ஓபனிங்கிலிருந்து நல்ல நிலையில் வெளியே வந்தாள். முப்பதாவது நகர்வுக்குப் பிறகு ஒரு குதிரை ஃபோர்க்கை (ஒரே குதிரை இரண்டு காய்களைச் சேர்த்துத் தாக்குவதை) கவனிக்காமல் தோற்றாள். கணினிப் பயிற்சியில் இருபதாவது நகர்வோடு நிறுத்தியதற்கு இது விலையா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பிஷப் டி3 வந்த ஆட்டத்தில் குதிரை எஃப்3-இல் நின்றது. ராணி ஏ5 செக், சி3, ராணி ஏ6. எதிராளி பதினெட்டு நிமிடம் யோசித்து ராணியை டி1-க்கு இழுத்தான். கேஸ்லிங் செய்ய முடியவில்லை. கொஞ்ச நேரம் தவித்துவிட்டு ராணியை இ2-க்குக் கொண்டுவந்து அவனே மாற்றத்துக்கு வந்தான். மாணவி மாற்றிக்கொண்டாள்; அறுபத்து மூன்று நகர்வு வரை போய் அந்த அடைபட்ட பிஷப்புக்கு எதிராகக் குதிரையை வைத்து வென்றாள். ராணி இல்லாத ஆட்டத்தில் அவள் அவ்வளவு நேரம் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

புள்ளிக்கணக்கைவிட நான் பெரிதாக எடுத்துக்கொண்டது கடிகாரத்தை. ஸ்கோர்ஷீட்டில் நேரம் குறிக்கச் சொல்லியிருந்தேன். கோடைப் போட்டியில் முதல் பத்து நகர்வுக்கு அவள் செலவழித்தது இருபது நிமிடத்துக்குமேல். மனப்பாடத்தை நினைவுபடுத்தப் போன நேரம் அது. இந்த முறை ஒன்பது, பத்து நிமிடம். எதிராளி ‘லைன்ல வராத’ நகர்வை ஆடியதும் முன்பு அவள் பதறுவாள். இப்போது முன்னால் சாய்ந்து பலகையைப் பார்க்கிறாள்.

சரியாகாத ஒன்றும் இருந்தது. அட்வான்ஸ் வேரியேஷனை இத்தனை பழகியதில், அது வரவேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொள்ள ஆரம்பித்திருக்கிறாள். ஒருவன் டி5-ஐ வெட்டி, அடுத்ததாக சி4 தள்ளி பானோவ் அட்டாக் ஆடினான். தெரிந்த நிலைதான், ஆனாலும் ஏமாற்றத்தில் வேகமாக ஆடித் தோற்றாள். கணினி நம் ஆசையைப் பார்ப்பதில்லை, நாமும் அதன் முன்னால் ஆசைப்படுவதில்லை. பலகைக்கு எதிரே ஒரு மனிதன் உட்காரும்போது ஏமாற்றம் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. இதற்கு என்ன பயிற்சி என்று எனக்கு இன்னும் ஒரு முறை கிடைக்கவில்லை.

இப்போது பானோவ் அட்டாக்கில் மூன்று நிலைகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை முதல் நிலையை அவளே செல்போனில் தயார்செய்தாள். காய்களை அடுக்கவில்லை, ஆரம்பத்திலிருந்து நகர்வுகளை ஆடிக்கொண்டு வந்து நிறுத்தினாள். பிறகு ஃபென் வரியைத் திறந்து அந்த நான்கு எழுத்துகளையும் எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டு, மரப் பலகையை இழுத்து வைத்துக்கொண்டாள்.